வண்டிச் சக்கரம் ஏன் முட்டையானது?

அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். ஊருக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். டிவியில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

"என்னம்மா பண்ற?"

"ஒண்ணுமில்லடா. அந்த வண்டிச் சக்கரம் எனக்கு முட்டையாட்டம் தெரியுது. ஆபரேஷன் பண்ண கண்ணுலதான் கோளாறுன்னு நெனைச்சிட்டிருந்தேன். ரெண்டு கண்ணுக்கும் அப்படியேதான் இருக்கு."

திரையைப் பார்த்தேன். மண் சாலையில் ஒரு மாட்டு வண்டி. சக்கரம் உண்மையிலேயே படுக்கப்போட்ட முட்டையாகத்தான் உருண்டுகொண்டிருந்தது. அடுத்த காட்சியில் வந்த கதாநாயகியின் முகம் பரங்கிக்காய் போல அகன்றிருந்தது. நெற்றிப் பொட்டு வட்டமாக இல்லை. மாடுகள் குட்டையாக, பெருத்த வயிற்றோடு நடந்தன. அம்மாவின் கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை. நானும் தம்பியும் சேர்ந்து தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த 43 அங்குல டிவிதான், படத்தைப் பக்கவாட்டில் இழுத்து நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. இத்தனை மாதமும் அம்மா அந்த டிவியைச் சந்தேகிக்கவில்லை; தன் கண்ணைத்தான் சந்தேகித்திருக்கிறார். அத்தனை விலை கொடுத்து வாங்கிய பொருள் தப்பாகக் காட்டுமா என்ற மரியாதை.

வாங்கும்போது கடையில் நாங்கள் கேட்டது ஒரே கேள்வி: "4கே தானே?" ஆமாம் என்றார்கள், வாங்கிவிட்டோம். படத்தின் வடிவத்தைப் பற்றி நாங்களும் கேட்கவில்லை, மாட்டிக் கொடுக்க வந்தவரும் சொல்லவில்லை. ரெசல்யூஷன் என்பது ஒன்று, ஆஸ்பெக்ட் ரேஷியோ என்பது இன்னொன்று. முதலாவதற்குக் காசு கொடுக்கிறோம். இரண்டாவதைக் கெடுத்துக்கொண்டு பார்க்கிறோம்.

புள்ளிக் கோலமும் டிவியும்

ரெசல்யூஷனைத் தமிழில் தெளிவுத்திறன் என்றும் பிரிதிறன் என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அதைவிட நெருக்கமாக இருப்பது கோலம்தான். மார்கழி மாதத்துப் பத்திரிகைகளில் கோலத்துக்குக் கீழே "11 புள்ளி, 11 வரிசை" என்று போட்டிருப்பார்கள். அந்தக் குறிப்புதான் கோலத்தின் ரெசல்யூஷன். எத்தனை புள்ளி, எத்தனை வரிசை என்ற கணக்கு மட்டும் அதில் இருக்கிறது. கோலம் எவ்வளவு பெரியது என்பது அதில் இல்லை. அதே 11 புள்ளிக் கோலத்தைப் பூஜையறையில் விரல் அகல இடைவெளி விட்டுச் சின்னதாகவும் போடலாம்; தெருவில் சாண் இடைவெளி விட்டு வீட்டு வாசலை அடைத்தும் போடலாம்.

டிவித் திரையும் புள்ளிக் களம்தான். ஃபுல் ஹெச்.டி. என்றால் ஒரு வரிசைக்கு 1920 புள்ளி, மொத்தம் 1080 வரிசை. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். வெறும் ஹெச்.டி. என்று விற்பதில் அடிப்படைக் கணக்கு 1280-க்கு 720, மொத்தம் 9,21,600. டிவிக் கடையில் சொல்லும் 4கே என்பது 3840-க்கு 2160, மொத்தம் 82,94,400. அதாவது ஃபுல் ஹெச்.டி.யைப் போல மிகச் சரியாக 4 மடங்கு. திரையரங்குக்காரர்கள் சொல்லும் 4கே கொஞ்சம் வேறு, அங்கே ஒரு வரிசைக்கு 4096 புள்ளி.

இப்போது இந்த மூன்று கணக்குகளையும் சுருக்கிப் பாருங்கள். 1280-ஐயும் 720-ஐயும் 80-ஆல் வகுத்தால் 16, 9. 1920-ஐயும் 1080-ஐயும் 120-ஆல் வகுத்தால் 16, 9. 3840-ஐயும் 2160-ஐயும் 240-ஆல் வகுத்தாலும் 16, 9. புள்ளிகள் மூன்று விதம், வடிவம் ஒன்றே. அகலம் 16 பங்கு என்றால் உயரம் 9 பங்கு. இந்த அகல உயர விகிதத்துக்குத்தான் ஆஸ்பெக்ட் ரேஷியோ என்று பெயர். பழைய பெட்டி டிவியின் விகிதம் 4:3. அது பழையது என்பதாலேயே தரம் குறைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 2012-இல் வந்த ஐபேடின் திரை 2048-க்கு 1536. விகிதம் 4:3, புள்ளிகளோ 31 லட்சத்துக்கு மேல், ஃபுல் ஹெச்.டி.யைவிட ஒன்றரை மடங்கு. வடிவத்துக்கும் தெளிவுக்கும் அப்படி ஒரு முடிச்சு கிடையாது.

கோலத்துக்கு வருவோம். படுக்கை வாட்டில் புள்ளிக்குப் புள்ளி ஒன்றேகால் அங்குலத்துக்கும் கூடுதலாக விட்டு, நெடுக்கில் ஓர் அங்குலம்தான் விட்டு ஒருவர் புள்ளி வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிக் கணக்கு தப்பவில்லை. கம்பியும் சரியாகத்தான் இழுத்திருக்கிறார். ஆனால் தாமரை பருத்துப்போய்விடும். அம்மா வீட்டு டிவியில் நடந்தது இதுவேதான். 4:3 வடிவத்துப் படத்தை 16:9 திரையில் நிரப்ப வேண்டுமானால் அதன் அகலத்தை மூன்றில் ஒரு பங்கு கூட்டியாக வேண்டும். மூன்றில் ஒரு பங்கு என்பது கொஞ்சநஞ்சமல்ல. மூன்று சாண் அகலத் தோள் நான்கு சாணாகிவிடும்.

இந்தக் குளறுபடிக்கு இன்னொரு வேரும் உண்டு. நம் நாட்டில் சாதாரண டிஜிட்டல் ஒளிபரப்பும் டிவிடியும் பெரும்பாலும் 720-க்கு 576 என்ற கணக்கில் வந்தவை. இதே புள்ளிகளைக் கொண்டுதான் 4:3 படத்தையும் அனுப்புவார்கள், 16:9 படத்தையும் அனுப்புவார்கள். புள்ளிகளின் இடைவெளிதான் மாறும். எந்த இடைவெளி என்று சொல்லும் ஒரு சிறு குறிப்பு படத்தோடு சேர்ந்தே வரும். டிவிடி பிளேயரோ செட்டாப் பாக்ஸோ அந்தக் குறிப்பைப் படித்து அதன்படி விரித்துக் காட்ட வேண்டும். குறிப்பு தொலைந்தாலோ, பெட்டி அதை மதிக்காவிட்டாலோ தாமரை பருக்கும், அல்லது இளைக்கும்.

நாலு துளையில் பிறந்த சட்டம்

4:3 எங்கிருந்து வந்தது? 1890-களின் தொடக்கத்தில் எடிசனின் கூடத்தில் வேலை பார்த்த வில்லியம் டிக்சன், இரு ஓரமும் துளையிட்ட 35 மில்லிமீட்டர் அகலப் படச்சுருளில் ஒரு சட்டத்துக்கு 4 துளை உயரம் என்று முடிவு செய்தார். துளைகளுக்கு இடையே மிஞ்சிய அகலத்துக்கும் அந்த உயரத்துக்கும் உள்ள விகிதம் 4:3 ஆக அமைந்தது. மௌனப் படங்கள் இந்தச் சட்டத்துக்குள்தான் பிறந்தன. பேசும் படம் வந்ததும் ஒலிக்கோடு சுருளின் ஓரத்தில் இடம் பிடித்துக்கொண்டது. படம் ஏறக்குறையச் சதுரமாகக் குறுகிப்போனது. அது பிடிக்காமல், உயரத்தையும் கொஞ்சம் குறைத்து 1.37-க்கு 1 என்ற விகிதத்தை அமெரிக்க அகாடமி 1932-இல் தரமாக்கியது. 4:3 என்பது 1.33; ஆக இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' வந்தது 1931-இல். அதற்குப் பின் நாற்பது ஆண்டுத் தமிழ்ப் படங்கள் ஏறக்குறைய முழுக்க இந்தக் குறுகிய சட்டத்துக்குள்தான் எடுக்கப்பட்டன. முகத்துக்கு ஏற்ற சட்டம் அது. ஓர் ஆள் நெஞ்சு வரை தெரிய நின்றால் சட்டம் நிறைந்துவிடும். தர்பார்க் காட்சியில் தூண்கள் உயர்ந்து நிற்கும். நீள வசனம் பேசும் நடிகரின் முகத்தைத் தவிர வேறெங்கும் கண் போகாது. நம் நடிப்பு மரபும் இந்தச் சட்டமும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தொலைக்காட்சியும் சினிமாவைப் பார்த்து 4:3 வடிவத்தையே எடுத்துக்கொண்டது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-இல் தொடங்கியதிலிருந்து, 2006-இல் தமிழக அரசு வீடு வீடாகக் கொடுக்கத் தொடங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி வரை எல்லாம் இந்த வடிவம்தான். கறுப்பு வெள்ளைப் படத்தை அந்தப் பெட்டியில் பார்த்தவர்கள் புள்ளி குறைவாகப் பார்த்திருப்பார்கள், சின்னதாகப் பார்த்திருப்பார்கள். ஆனால் சக்கரத்தைச் சக்கரமாகப் பார்த்தார்கள்.

வீட்டுக்குள் டிவி வந்ததும் அமெரிக்காவில் திரையரங்குக் கூட்டம் குறைந்தது. வீட்டுப் பெட்டியில் காட்ட முடியாத ஒன்றைக் காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடியில் வந்ததுதான் சினிமாஸ்கோப். பிரெஞ்சுக்காரரான ஆன்ரி க்ரெத்தியான் 1920-களில் உருவாக்கிய ஒரு லென்ஸை ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் வாங்கியது. கேமராவில் அந்த லென்ஸை மாட்டினால் அகன்ற காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக அமுக்கிப் படச்சுருளில் பதியும். புரொஜெக்டரில் அதற்கு எதிரான லென்ஸ் அதை மீண்டும் இரண்டு மடங்காக விரிக்கும். 1953-இல் 'தி ரோப்' வெளியானது. குரு தத்தின் 'காகஸ் கே பூல்' 1959-இல் இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படமாக வந்தது. தமிழுக்கு அது வர 1973 ஆனது. ஏ.பி.நாகராஜன் இயக்கத்தில் சிவாஜி நடித்த 'ராஜராஜ சோழன்'தான் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம்.

எங்கள் ஊர்க் கொட்டகையில் ஸ்கோப் படம் போட்ட நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. முதலில் நியூஸ் ரீலும் ஸ்லைடு விளம்பரமும் சின்னச் சதுரத்தில் ஓடும். பிறகு திரையின் இரு பக்கமும் தொங்கிய கறுப்புத் துணியை ஆட்கள் இழுப்பார்கள். வெள்ளைத் திரை இரண்டு பக்கமும் வளரும். விசில் காதைப் பிளக்கும். படம் தொடங்குவதற்கு முன்பே கைதட்டல் வாங்கியது அந்தத் துணி விலகல்தான். ஆபரேட்டர் சில நாள் ஸ்கோப் லென்ஸை மாட்ட மறந்துவிடுவார். எல்லாரும் ஒட்டடைக்குச்சியாக நீண்டு ஒல்லியாகத் தெரிவார்கள். தரை டிக்கெட்டிலிருந்து "லென்சைப் போடுய்யா!" என்று கூச்சல் எழும். அரை நிமிடத்தில் சரியாகிவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறையப் பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். மனித உடம்பு திரையில் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தப்பென்றால் ஒரு நிமிடம்கூடப் பொறுக்கவில்லை. இன்று அதே பார்வையாளர்களின் பிள்ளைகள் வீட்டில் மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறோம்.

16:9 என்பது இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே கண்டுபிடித்த சமரசம். 1980-களின் தொடக்கத்தில், உயர்தர டிவிக்கு எந்த வடிவம் என்று அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கத்தில் ஆராய்ந்தபோது, கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர் ஓர் எளிய வேலை செய்தார். அப்போது புழக்கத்திலிருந்த விகிதங்களுக்கெல்லாம் ஒரே பரப்பளவில் செவ்வகங்களை வெட்டி, நடுப்புள்ளி ஒன்றாக இருக்கும்படி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். எல்லாவற்றையும் உள்ளடக்கும் வெளிச் செவ்வகமும், எல்லாவற்றுக்கும் பொதுவாக அமையும் உள் செவ்வகமும் ஒரே விகிதத்தில் இருந்தன. ஏறக்குறைய 1.77. அதுதான் 16:9. இந்த வடிவத்தில் 4:3 படத்தைப் போட்டால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். ஸ்கோப் படத்தைப் போட்டால் மேலும் கீழும் விழும். அந்தக் கறுப்புப் பட்டைகள் குறையல்ல. பட்டை விழும் என்று தெரிந்து, அதற்கு இடம் விட்டுத்தான் இந்தத் திரையையே வரைந்தார்கள்.

கறுப்புப் பட்டை காசு நஷ்டமா?

அன்று ரிமோட்டை எடுத்து 4:3 என்று மாற்றினேன். சக்கரம் வட்டமானது. அம்மாவின் முகம் மலர்ந்தது. உடனே அடுத்த கவலையும் வந்தது. "ரெண்டு பக்கமும் இருட்டா இருக்கே, ரிப்பேராயிடாதா?" ஆகாது. முன்பு பிளாஸ்மா டிவிகளில் ஒரே பட்டை வெகு நேரம் நின்றால் தடம் விழும் என்ற பயம் இருந்தது. இப்போது பெரும்பாலான வீடுகளில் இருக்கும் எல்.இ.டி. டிவிக்கு அந்தப் பயம் தேவையில்லை.

அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, வேறு கேள்வி கேட்டார். "43 இஞ்ச்சுக்குக் காசு கொடுத்துட்டு ஏன்டா பாதியில பாக்கணும்?" நியாயமான கேள்வி, பதிலும் கணக்கிலேயே இருக்கிறது. டிவி அளவு என்பது மூலைக்கு மூலை. 43 அங்குலத் திரையில் பட்டை விட்டுக் காட்டும் 4:3 படத்தை மூலைக்கு மூலை அளந்தால் 35 அங்குலம் வரும். அம்மாவிடம் முன்பு இருந்தது 21 அங்குலப் பெட்டி. பரப்பளவில் பார்த்தால், பட்டை போக மிஞ்சும் படம் அதைப் போல இரண்டே முக்கால் மடங்கு. 32 அங்குல டிவியில்கூட, பட்டை போக 26 அங்குலப் படம் கிடைக்கிறது.

காசு வீணாவது பெரும்பாலும் வேறிடத்தில். நல்ல பார்வையுள்ள கண், அதாவது மருத்துவர் 6/6 என்று எழுதும் கண், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும். 43 அங்குல ஃபுல் ஹெச்.டி. திரையில் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர். கணக்குப் போட்டால், ஐந்தரை அடிக்கு அப்பால் உட்கார்ந்தவருக்கு அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதற்கு மேல் 4கே தரும் கூடுதல் புள்ளிகள் திரையில் இருக்கும், கண்ணுக்கு எட்டாது. நம் கூடங்களில் சோபாவுக்கும் டிவிக்கும் இடையே பத்தடி இருப்பது சாதாரணம். புது 4கே டிவி பளிச்சென்று தெரிவது உண்மைதான். அதில் பெரும்பங்கு வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் உரியது. இதைச் சொல்வதால் 4கே வேண்டாம் என்று பொருளல்ல. பத்தடி தூரத்திலிருந்து பார்க்க முடியாத புள்ளிக்கு அவ்வளவு விசாரித்தோம். பக்கத்துத் தெருவிலிருந்து பார்த்தாலும் தெரியும் கோணலை விட்டுவிட்டோம் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

4கேயில் காணாமல்போன பள்ளம்

இழுப்பது ஒரு கேடு என்றால் வெட்டுவது இன்னொன்று. பட்டை வேண்டாம், முகமும் பருக்கக் கூடாது என்றால் ஒரே வழி மேலும் கீழும் நறுக்குவது. 4:3 படத்தை 16:9 திரை நிறையப் பெரிதாக்கினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். பரதநாட்டியக் காட்சியில் பாதம் போகும், கோபுரத்தில் கலசம் போகும்.

அமெரிக்கர்கள் இதில் நல்ல பாடம் படித்தார்கள். 'சைன்ஃபெல்ட்' என்ற நகைச்சுவைத் தொடர் 1990-களில் 4:3 டிவிக்காக, ஆனால் 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுக்கப்பட்டது. 2021-இல் நெட்ஃப்ளிக்ஸ் அதை 4கேயில், 16:9 வடிவத்தில் வெளியிட்டது. சாலைப் பள்ளத்தைப் பற்றியே ஒரு பகுதி உண்டு, தலைப்பும் அதுதான். பாத்திரம் குனிந்து பள்ளத்தைப் பார்க்கும் காட்சியில், புதிய வடிவத்தில் பள்ளம் சட்டத்துக்குக் கீழே போய்விட்டது. புள்ளிகள் 82 லட்சம், பள்ளத்தைத்தான் காணோம். அதற்கு முன் 2019-இல் 'தி சிம்ப்ஸன்ஸ்' கார்ட்டூனின் பழைய பகுதிகளை டிஸ்னி ப்ளஸ் இப்படி நறுக்கி வெளியிட்டது. ஒரு மது ஆலையில் மூன்று வேறு வகை பீர்த் தொட்டிகள். மேலே பார்த்தால் மூன்றுக்கும் ஒரே குழாயிலிருந்துதான் ஊற்றிக்கொண்டிருக்கும். அதுதான் அந்தக் காட்சியின் நகைச்சுவை. மேற்பகுதியை நறுக்கியதும் குழாய் மறைந்தது, சிரிப்பும் மறைந்தது. ரசிகர்கள் விடாமல் கேட்டார்கள். 2020 மே மாதம் பழைய 4:3 வடிவத்திலும் பார்க்கும் வசதி வந்தது.

சரியாகச் செய்ததற்கும் ஓர் உதாரணம் நம் நாட்டுப் படத்திலேயே இருக்கிறது. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யின் நெகட்டிவ் 1993-இல் லண்டனில் ஒரு கூடத்தில் ஏற்பட்ட தீயில் கருகியது. மிஞ்சியதை வைத்து அமெரிக்காவின் க்ரைட்டீரியன் நிறுவனமும் அகாடமி ஆவணக்காப்பகமும் இத்தாலியின் பொலோன்யா நகர ஆய்வுக்கூடத்தில் 4கேயில் மீட்டெடுத்து 2015-இல் திரையிட்டன. புள்ளிக் கணக்கு இன்றைய உச்சம். வடிவமோ ராய் 1955-இல் கொடுத்த அதே குறுகிய சட்டம். நாணல் காட்டில் ஒரு புல்லைக்கூட அகலப்படுத்தவில்லை. புள்ளியைக் கூட்டுவது மராமத்து. வடிவத்தை மாற்றுவது வேறு படம் எடுப்பது.

பழைய படம் என்றாலே மங்கல் என்று நாம் நம்பிவிட்டதற்கும் காரணம் படமல்ல. ஃபிலிமில் புள்ளி வரிசை கிடையாது, வெள்ளி உப்புத் துகள்கள்தான். நல்ல நிலையில் உள்ள 35 மில்லிமீட்டர் நெகட்டிவ் 4கேயில் நகலெடுக்கத் தகுந்த விவரத்தைத் தாங்கியிருக்கிறது. அதை வீடியோ டேப்பில் ஏற்றி, டேப்பிலிருந்து ஒளிபரப்பிய பிரதிதான் மங்கல். ஐம்பதுகளின் தமிழ்ப் படங்களுக்கு நல்ல நெகட்டிவ் எங்கேனும் இருந்தால், அவற்றைப் பளிங்குபோலக் காட்ட முடியும். அப்படி ஒரு நாள் வரும்போது பக்கவாட்டில் பட்டை விழுகிறது என்பதற்காகத் தலையையும் காலையும் நறுக்கி ஸ்கோப்பாக்கி வெளியிடுவார்களோ என்பதே என் அச்சம். 1.37 சட்டத்தை முழு அகலத்துக்கு ஸ்கோப்பாக்கினால் உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போய்விடும்.

எதிர்த் திசையிலும் இந்த வெட்டு நடந்திருக்கிறது. எழுபது, எண்பதுகளின் ஸ்கோப் படங்களை வீடியோ கேசட்டுக்காகவும் டிவிக்காகவும் 4:3 ஆக நறுக்கியபோது அகலத்தில் நூற்றுக்கு 43 பங்கு போனது. இருவர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில் இரண்டு மூக்குகளும் நடுவே ஒரு சுவரும் மட்டும் தெரிந்ததைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கைபேசி இப்போது எல்லாவற்றையும் இன்னொரு சுற்று கலைத்திருக்கிறது. பல கைபேசிகளின் திரை 2400-க்கு 1080, அதாவது 20:9. இரண்டு விரலால் விரித்துத் திரையை நிரப்புவது கைப்பழக்கமாகிவிட்டது. 16:9 படத்தில் அது ஐந்தில் ஒரு பங்கை விழுங்குகிறது. 4:3 படத்தில் ஐந்தில் இரண்டு பங்கை. நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கும் ரீல்ஸுக்காக 16:9 காட்சியை நறுக்கினால் மிஞ்சுவது அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. குழு நடனத்தில் ஒருவர்தான் ஆடுவார்.

ஒரு ஃப்ளெக்ஸ் பலகை

இதை எழுதும்போது டிவியைவிட அதிகமாக என் நினைவில் நிற்பது ஒரு கண்ணீர் அஞ்சலிப் பலகை. எங்கள் தெருவில் ஒரு பாட்டி காலமானார். அவருக்குத் தனியாக எடுத்த படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. பேரன் கல்யாணக் குரூப் போட்டோ ஒன்று வாட்ஸ்அப்பில் இருந்தது. அதில் அவர் ஓரத்தில் நின்றிருந்தார். முகத்தை மட்டும் வெட்டி எடுத்தால் குறுக்கே 200 புள்ளி தேறியிருக்கும். அதை நான்கு அடி அகலத்துக்கு அடித்தார்கள். ஒவ்வொரு புள்ளியும் துவரம்பருப்பு அளவு. தூரத்திலிருந்து பார்ப்பதால் அதுகூடப் பெரிய குறையாகத் தெரிந்திருக்காது. ஆனால் பலகையில் விட்டிருந்த இடம் அகலமாக இருந்தது. முகம் நீளவாக்கில் இருந்தது. அவசரத்தில் அதைப் பக்கவாட்டில் இழுத்து இடத்தை நிரப்பிவிட்டார்கள். ஒடிசலான பாட்டி அவர். பலகையில் இருந்தவரைப் பார்த்து அவருடைய மகளே, "எங்கம்மா மாதிரியே இல்லையே" என்று அழுதார். மங்கலாக இருந்ததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மங்கலான முகத்தை நினைவு நிரப்பிக்கொள்ளும். மாறிப்போன முகத்தை அதனால் சரிசெய்ய முடியாது.

டிடிபி கடைகளில் வேலை பார்க்கும் தம்பி, தங்கைகள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். முகத்தைப் பெரிதாக்கும்போது மூலையைப் பிடித்து இழுங்கள், ஓரத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். விகிதம் பூட்டப்பட்டிருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். சில மென்பொருள்களில் அதற்கு ஷிஃப்ட்டை அழுத்த வேண்டும், சிலவற்றில் அழுத்தாமல் இருக்க வேண்டும். இடம் மிஞ்சினால் பூ வையுங்கள், விளக்கு வையுங்கள், வெறுமையாகவே விடுங்கள்.

வீட்டு டிவிக்கு வழி எளிது. ரிமோட்டிலோ செட்டிங்ஸிலோ 'பிக்சர் சைஸ்' அல்லது 'ஆஸ்பெக்ட் ரேஷியோ' என்று இருக்கும். அதை ஆட்டோவிலோ ஒரிஜினலிலோ வையுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அதுவும் சரிவராவிட்டால் 4:3. செட்டாப் பாக்ஸுக்குத் தனியாக ஒரு செட்டிங் உண்டு, அங்கே 'ஃபுல் ஸ்கிரீன்' என்றிருந்தால் 'பில்லர்பாக்ஸ்' என்று மாற்றுங்கள். சேனலே படத்தை இழுத்து அனுப்பினால் டிவி ஆட்டோவில் இருந்தும் முகம் பருத்தே தெரியும். அப்போதும் டிவியை 4:3-க்கு மாற்றினால் இழுத்தது சுருங்கிச் சரியாகிவிடும். லோகோவும் கீழே ஓடும் செய்தியும் சேர்ந்து சுருங்கும், அவ்வளவுதான். நறுக்கி அனுப்பினால் மட்டும் நம்மால் எதுவும் செய்ய முடியாது. அதனால்தான் பழைய படங்களை ஒளிபரப்பும் சேனல்களிடமும் கேட்கிறேன்: பட்டை விழட்டும், படத்தை அது பிறந்த வடிவத்தில் போடுங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அம்மாவோ பாட்டியோ பார்க்கும் டிவியில் ஒரு வட்டத்தைத் தேடுங்கள். நிலா, பொட்டு, வண்டிச் சக்கரம், எதுவானாலும் சரி. அது முட்டையாகத் தெரிந்தால் அவர்கள் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம், ரிமோட்டை எடுத்து மாற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.